குதிர் தமிழன் வீட்டில் இருக்கட்டும்!

விளைந்த நெல்லையெல்லாம் அயலான் குதிரில் கொட்டிவிட்டு, நாள்தோறும் அவன் வாயிலில் நின்று உழக்கு அரிசிக்குக் கையேந்தும் உழவனை ஊர் எள்ளி நகையாடும். ஆனால், பாட்டியின் தாலாட்டையும், திருமணக் காட்சிகளையும், தமிழறிஞர்தம் சொற்பொழிவுகளையும் அயல்நாட்டு நிறுவனங்களின் கிடங்கில் ஏற்றிவிட்டு, திங்கள்தோறும் கட்டணம் செலுத்தி அவற்றையே கேட்டு மகிழும் தமிழனை எவரும் நகையாடுவதில்லை. அதுவே முன்னேற்றம் என்று நம்ப வைக்கப்பட்டுள்ளான் அவன்!

அயலான் கிடங்கு என்றும் நிலைக்குமா? 2009 சூலையில் அமேசான் நிறுவனம், விலை கொடுத்து வாங்கியோரின் கிண்டில் மின்படிப்பிகளினின்று சியார்சு ஆர்வெல்லின் இரு நூல்களை அவர்களைக் கேளாமலே அழித்தது. விற்றவர்க்கு உரிமை இல்லை என்பது கூறப்பட்ட கரணியம். பணமும் திருப்பித் தரப்பட்டது. எனினும், பூட்டிய வீட்டின் திறவுகோல் விற்றவனிடமே இருந்தமை அன்று வெளிப்பட்டது. 2019-இல் மைக்குரோசாப்டு தன் மின்னூற் கடையை மூடியபோது, வாங்கியோரின் நூல்கள் மறைந்தன. மைசுபேசு தளத்தில் 2015 வரை மக்கள் ஏற்றிய இசைப்பதிவுகள், வழங்கி மாற்றத்தின்போது அழிந்த செய்தியும் அதே ஆண்டில் வெளியாயிற்று. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த இனத்திற்கு, ஓரிடத்தையே நம்பியிருப்பதன் கேட்டினைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

இதற்குத் தீர்வு எட்டாத் தொலைவில் இல்லை. மூலையில் கிடக்கும் பழங்கணினி ஒன்றே வீட்டு வழங்கியாகப் போதும். இலினக்சு இயங்குதளத்தையும், செல்லிபின் என்னும் மென்பொருளையும் விலையின்றி அதில் நிறுவலாம். எம்பி என்னும் மென்பொருளை ஆக்கியோர் அதன் நிரலை மூடிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்த நிரலைக் கொண்டு தன்னார்வலர்கள் 2018-இல் தனியே வளர்த்தெடுத்ததே செல்லிபின். கதவு அடைக்கப்பட்டதற்குப் புலம்பாது, தமக்கென வீடு கட்டிக்கொண்ட அவர்தம் துணிவு தமிழர்க்கும் வேண்டும். வன்தட்டிலுள்ள பாட்டையும் படத்தையும் வகைப்படுத்தி, தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் அது வழங்கும். வீட்டிற்குள் கேட்கவும் காணவும் வெளி இணையமும் வேண்டா. இடைவிடாது 15 வாட்டு மின்னாற்றலில் இயங்கும் சிறு கணினி, ஆண்டு முழுமைக்கும் உண்பது ஏறத்தாழ 131 அலகே.

கருவியினும் இன்றியமையாதது அதனுள் இடப்படும் பொருள். பிறர் படைப்பைத் திருடிக் குவிப்பதன்று நோக்கம். தமிழ்க் குடும்பங்களின் சொந்தச் செல்வத்தைக் காப்பதே நோக்கம். பரண்மேல் கிடக்கும் ஒலிப்பேழைகள் ஆண்டுதோறும் மங்கி வருகின்றன. குறுந்தகட்டின் அளவில், சுருக்காது பதிந்தால், ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 635 மெகாபைட்டு. 1 டெராபைட்டு வன்தட்டில் 1,500 மணி நேரம் அடங்கும். ஆயினும், ஒரு வன்தட்டை மட்டும் நம்புதல் கூடாது. மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். கோப்புகட்குத் தமிழிலேயே பெயரிட்டு, பாடியவர், ஊர், நாள் ஆகியவற்றையும் குறித்திடல் வேண்டும். பெயரில்லாப் பதிவு முகவரியில்லா மடல்.

சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் ஊர்ஊராக அலைந்து கறையான் அரித்த சுவடிகளை மீட்டனர். அவர்கள் தட்டிய கதவுகளுக்குப் பின்னே சில ஓலைகளேனும் எஞ்சியிருந்தன. எல்லாம் அயலான் கிடங்கில் ஒடுங்கிவிடுமானால், நாளை தேடி வருவோன் எந்தக் கதவைத் தட்டுவான்? வரும் பொங்கலுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தன் பரணைத் துழாவட்டும்! ஒரு பேழையையேனும் மீட்கட்டும்! தமிழன் குரல் தமிழன் வீட்டிலேயே வாழட்டும்!