அறுவை சிகிச்சை இலவசம், ஓய்வு யாருக்கு?

"அரசு மருத்துவமனையில் திருநங்கைகளுக்கு அறுவை சிகிச்சை இலவசம். இன்னும் என்ன வேண்டும்?" என்கிறார்கள். சொல்கிறோம்.

யோனி அமைப்பு அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்பு, பெரும்பாலும், மாதக்கணக்கில் ரோமம் நீக்க வேண்டும். அதற்குக் காசு வேண்டும். பிறகு பல வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. உருவாக்கிய யோனி சுருங்காமலிருக்க, தினமும் பலமுறை டைலேட்டரை உள்ளே வைத்துப் படுத்திருக்க வேண்டும். அதுவும் மாதக்கணக்கில். சுத்தமான தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள அறை, தனிக் கழிப்பறை இல்லாமல் இது நடக்குமா?

ஊருக்கும் சேரிக்கும் தண்ணீர் ஒரே மாதிரியா வருகிறது? தலித் திருநங்கைக்கு வாடகை வீட்டின் கதவு இரண்டு முறை சாத்தப்படுகிறது: ஆளைப் பார்த்து ஒருமுறை, சாதி கேட்டு ஒருமுறை. கூலிக்கோ கடை கேட்கவோ போனால்தான் சோறு என்றால், காயம் ஆறும் முன்பே அவள் எழுந்து போவாள். தையல் பிரியும், சீழ் வைக்கும். "ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்பார்கள். சாதியைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள்.

2008இலேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. 2019ஆம் ஆண்டுச் சட்டம், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தரச் சொன்னது. ஆலோசனை வயிற்றை நிரப்பாது. ஓய்வுக் காலத்துக்கு ஊதியம், தங்கும் இல்லம், டைலேட்டர், தொடர் பரிசோதனை: இவையும் சிகிச்சைதான்.

அறுவை சிகிச்சை செய்தால்தான் பெண் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செய்துகொள்ள விரும்புகிறவளைப் பாதியில் கைவிடுவதும் அநீதிதான். தோழர்களே, தண்ணீருக்கும் வீட்டுமனைக்கும் நாம் எழுதும் கோரிக்கை மனுவில் இதையும் சேருங்கள்.