பிள்ளையின் பணம் யார் கையில்?

உண்ணாமலும் உடுக்காமலும் தந்தை சேர்த்த பொருள், அவர் கண்மூடியபின் அவருடைய பிள்ளையைச் சேரவேண்டும். இதனை மறுப்பார் எவருமிலர். ஆனால், உரிய காலத்திற் சேர்கின்றதா என்பதே நம் கேள்வி.

வன்னியிலே நெல்விளைவிக்கும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மழை பொய்த்த போகத்திலும் ஆயுட் காப்புறுதிக்குரிய கட்டுப்பணத்தைத் தவறாது செலுத்துகின்றார். பணம் பெறவேண்டியவர் யார் என்று படிவம் கேட்ட இடத்தில், அன்பு மேலிட்டு, ஐந்து வயது மகளின் பெயரை மட்டும் எழுதுகின்றார். அவர் மறைந்த பின்னரே தொல்லை தொடங்குகின்றது. 18 வயது நிரம்பாத பிள்ளை, பணம் பெற்றுக்கொண்டதாகச் சட்டப்படி செல்லத்தக்க பற்றுச்சீட்டை எழுதிக்கொடுக்க இயலாது. பெற்ற தாயேயாயினும், பிள்ளையின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்திற் பெற்றுவருமாறு கேட்கப்படலாம்.

இதற்காகச் சட்டத்தைச் சபிப்போர் உளர், நாம் சபிக்கமாட்டோம். அநாதைப் பிள்ளையின் பொருளைச் சுற்றத்தாரே விழுங்கிய கதைகள் நம்மூர்களிற் குறைவோ? நீதிமன்றத்தின் மேற்பார்வை பிள்ளைக்கு வேலியாகும். 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், பராயமடையும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. எனினும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் 13 ஆண்டுத் தொலைவன்றோ! அதுவரை பள்ளிச் செலவு காத்திருக்குமா?

குற்றம் சட்டத்தில் இல்லை. முதற் கையொப்பத்தை வாங்கும்போது இவற்றுள் ஒன்றையும் எடுத்துரையாத முகவர்களிடமே குற்றம் உள்ளது. 1987இல் 13ஆம் திருத்தத்தின் வழியே தமிழும் அரசகரும மொழியென ஏற்கப்பட்ட நாட்டிலே, கமக்காரனுக்கு விளங்காத மொழியிற் பத்திரத்தை நீட்டிக் கையொப்பம் கேட்பது எவ்வகை நியாயம்?

தந்தையரே, இன்றிரவே பெட்டியைத் திறந்து காப்புறுதிப் பத்திரத்தைப் பாருங்கள். பிள்ளைக்காகப் பணத்தைப் பெற்றுக் காக்க, நம்பத்தக்க பெரியவர் ஒருவரைக் குறிப்பிட இடமுண்டா என்று கம்பனியிடம் கேளுங்கள். உண்டெனில் எழுத்திற் பதிவுசெய்யுங்கள். பத்திரம் இருக்குமிடத்தை மனைவிக்குச் சொல்லிவையுங்கள்.

தாய்மாரே, மரணத்தைத் தாமதமின்றி எழுத்தில் அறிவியுங்கள். இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைக் கைவசம் வைத்திருங்கள். விளங்காத தாளிற் கையொப்பமிடாதீர்கள். கம்பனி நியாயமின்றி மறுத்தாற் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். கிடைத்த பணத்தைப் பிள்ளையின் பெயரிலேயே வைப்பிலிடுங்கள். அது உங்களுடையதுமன்று, மாமன் சிற்றப்பனுடையதுமன்று.

நம்மிடையே சட்டத்தரணிகள் பலர் உளர். ஆண்டுக்கு ஒரு விதவையின் வழக்கையேனும் கூலி வாங்காது நடத்திக்கொடுத்தால், மேடையில் முழங்கும் நூறு சொற்பொழிவுகளினும் அது பெரிய தொண்டாகும்.

விதைத்தவர் போய்விட்டார், விளைச்சல் அவருடைய பிள்ளைக்குரியது. அதனைச் சிந்தாமற் சிதறாமல் வீடு சேர்ப்பது எஞ்சியிருக்கும் நம் எல்லோரின் கடன்.