பதினைந்து ஆண்டுகள் யாரும் குனிந்து பார்க்காத கார்

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 2009-ல் தயாரான ஹூண்டாய் ஐ10 ஒன்று என்னிடம் இருக்கிறது. அதே ஆண்டு, அதே தொழிற்சாலையில் தயாராகிக் கப்பலேறிய இன்னொரு ஐ10 பிரிட்டனில் என் அக்கா மகனிடம் இருக்கிறது. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் ஸ்டியரிங் இருக்கும் இடம்கூட ஒன்றேதான். ஐரோப்பாவுக்கான ஐ10 கார்களை அப்போது ஹூண்டாய் சென்னையிலிருந்துதான் அனுப்பிக்கொண்டிருந்தது.

அவன் அதை இரண்டாம் கையாக வாங்கினான். வாங்கும் முன் வண்டி எண்ணை மட்டும் எனக்கு அனுப்பி, "மாமா, பார்த்துச் சொல்லுங்க" என்றான். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக நொறுங்கிய வண்டிகளுக்கு மதிப்புப் போட்டே காலம் தள்ளியவன் நான். கடல் தாண்டி நிற்கும் காரை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன். பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிரிட்டன் அரசின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டியதும் அந்தக் காரின் ஜாதகமே வந்து நின்றது. மூன்றாவது வயதில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் நடந்த சோதனை, தேறியதா தோற்றதா, எதனால் தோற்றது, அன்றைக்கு மீட்டரில் ஓடியிருந்த மைல் எவ்வளவு என எல்லாம் இருந்தன. ஓர் ஆண்டு பின்சக்கர டயர் தேய்ந்து தோற்றிருக்கிறது. ஓர் ஆண்டு ஹெட்லைட்டின் குறி விலகியிருக்கிறது. குளிர்காலத்தில் அவர்கள் சாலையில் கொட்டும் உப்பு பிரேக் குழாயை அரிக்கத் தொடங்கியதை ஒருவர் கவனித்து, "தேறிவிட்டது, ஆனால் இதைக் கவனியுங்கள்" என்று குறித்திருக்கிறார். மறு ஆண்டு அந்தக் குறிப்பு இல்லை. குழாயை மாற்றியிருக்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்தது. வாங்கச் சொன்னேன்.

என் காருக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் சோதனைச் சான்று என்று சட்டப்படி அது காட்ட வேண்டியது புகைச் சான்றிதழ் மட்டும். பிரேக் பிடிக்கிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா, ஸ்டியரிங் ஆடுகிறதா, அடித்தட்டு துருப்பிடித்திருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. பிரிட்டனில் இருக்கும் இரட்டைப் பிறவி இதற்குள் பன்னிரண்டு, பதின்மூன்று சோதனைகளைச் சந்தித்துவிடும். என் வண்டிக்கு 2024-ல் வந்ததுதான் முதல் சோதனை. படிவம் 25, ஐயாயிரம் ரூபாய் கட்டணம், பசுமை வரி. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். ஆர்.சி. மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீண்டது. அன்றைய சோதனையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிரிட்டன்காரர்கள் இதில் பிறவி ஞானிகள் அல்ல. எம்.ஓ.டி. எனப்படும் அந்தச் சோதனையை 1960-ல் தொடங்கியபோது பத்து வயதான வண்டிகளை மட்டுமே சோதித்தார்கள். தோற்ற வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து அதிர்ந்து, அடுத்த ஆண்டே வயதை ஏழாகக் குறைத்தார்கள். 1967-ல் அது மூன்றானது. இன்றைக்கும் அங்கே சோதனைக்குப் போகும் கார்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று முதல் தடவை தோற்கின்றன. காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும்: எரியாத பல்பு, தேய்ந்த டயர், சஸ்பென்ஷன், பிரேக். எஞ்சினும் கியர் பாக்ஸும் நன்றாக உழைக்கின்றனவா என்பது அந்தச் சோதனையிலேயே கிடையாது. வண்டி ஓடுமா என்பது சொந்தக்காரரின் கவலை, வண்டி நிற்குமா என்பதுதான் அரசின் கவலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சரியான பிரிவினை.

லட்சக்கணக்கான இந்த முடிவுகளைச் சொந்தக்காரர் பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டு மாடல்வாரியாக அரசே வெளியிடுகிறது. பத்து வயதான இந்த மாடல் எத்தனை சதவீதம் தேறுகிறது, அந்த மாடல் எங்கே சறுக்குகிறது என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். ஜெர்மனியிலும் இதே வேலை நடக்கிறது. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் சோதனை. முடிவுகளை வயதுவாரியாகப் பிரித்து டியூஃப் என்ற சோதனை அமைப்பு ஆண்டுதோறும் தரவரிசை போடுகிறது.

அந்தத் தரவரிசையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. போர்ஷே 911 பல ஆண்டுகள் அதில் முதலிடம் பிடித்திருக்கிறது. அதைத் தயாரித்தவர் கெட்டிக்காரர் என்பது பாதிக் காரணம். வாங்கியவர் அதை கராஜில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்பது மீதிக் காரணம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் காரையும், ராத்திரி பகலாக விமான நிலையத்துக்கு ஓடும் டாக்ஸியையும் ஒரே மாடல் என்பதற்காக ஒரே தட்டில் வைக்க முடியாது. மாடல்வாரி தேர்ச்சிக் கணக்கு காரைப் பற்றிச் சொல்வதைவிட அதை வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் ஒரே மாடல், ஒரே வயதில், ஒரே உறுப்பில் திரும்பத் திரும்பத் தோற்றால் அது சொந்தக்காரரின் சோம்பலாக இருக்க முடியாது. அப்போது கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க நம்மிடம் கணக்கே இல்லை.

கணக்கு இல்லாத இடத்தில் வயதை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறோம். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கினார்கள். கட்டணத்திலும் இதே கதைதான். காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022-ல் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக்கினார்கள். பிரேக்கை ஒழுங்காக வைத்திருப்பவருக்கும் அதே கட்டணம், வைத்திருக்காதவருக்கும் அதே கட்டணம். பழைய கார் என்பது நம் ஊரில் பெரும்பாலும் புதுக் கார் வாங்க வழியில்லாதவரின் கார். அவரிடம் வயதுக்குக் காசு வாங்குகிறோம், வண்டியைப் பார்ப்பதில்லை.

வண்டியின் நிலைமைதான் விபத்துக்குக் காரணம் என்று நான் வாதாட வரவில்லை. வேகமும் குடியும் தூக்கமும்தான் சாலையில் அதிகம் கொல்கின்றன. ஆனால் தொழில்முறையில் எனக்கு உறுத்திய ஒன்று உண்டு. முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று இருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல என்று இருக்கும். இரண்டும் கையில் இருக்க, காரைச் சுற்றி வந்தால் மொட்டையடித்த டயர் கண்ணில் படும். அந்த டயரோடு மழைச் சாலையில் பிரேக் அடித்தால் எந்த ஜாக்கிரதையான ஓட்டுநரும் என்ன செய்ய முடியும்? அந்த இரண்டு அறிக்கைகளிலும் அந்த டயரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இரண்டாம் கைச் சந்தையில் இதன் விலையை இன்னும் பச்சையாகப் பார்க்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்கா போயின? காய வைத்து, சீட் கவர் மாற்றி, வாசனைத் திரவம் அடித்து வெளியூர்களில் விற்றார்கள். 2023-ல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் திடீரென்று மலிவாகக் கார்கள் கிடைத்தன. மீட்டரைத் திருப்பி வைப்பதெல்லாம் ரகசியமே அல்ல. ஆண்டுதோறும் ஓர் அரசுப் பதிவில் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே இருந்தால் இந்த வித்தை ஒரே நாளில் செத்துவிடும்.

இந்த இடத்தில் வாசகர் என்ன சொல்வார் என்பது தெரியும். "இருக்கிற லஞ்சம் போதாதா, வருஷா வருஷம் இன்னொன்றா?" நியாயமான பயம். லாரியும் வேனும் எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று காட்ட வேண்டும். எஃப்.சி.க்கு முதல் நாள் நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, மறுநாள் கழற்றித் திருப்பிக் கொடுப்பதைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். சோதனை என்ற பெயர் இருந்தால் மட்டும் பிரேக் பிடித்துவிடாது.

பிரிட்டனிலும் சோதனை செய்வது அரசு அனுமதி பெற்ற தனியார் பட்டறைகள்தான். சோதிப்பவரே ரிப்பேரும் செய்யலாம் என்பதால் ஏமாற்ற இடம் நிறையவே உண்டு. அதற்கு அவர்கள் கண்ட மருந்து கணக்குதான். ஒரு சோதனையாளர் தேற்றும் விகிதத்தை நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஊரெல்லாம் முப்பது சதவீதம் தோற்கும்போது ஒரு பட்டறையில் மட்டும் எல்லாமே தேறினால், அந்தப் பட்டறையின் கதவை அதிகாரி தட்டுவார். நம்மிடம் 2021-ல் வந்த தானியங்கி சோதனை நிலைய விதிகள் ஒரு விஷயத்தில் அவர்களைவிட மேல். அந்த நிலையங்கள் சோதனை மட்டுமே செய்யலாம், ரிப்பேரிலும் உதிரிபாக விற்பனையிலும் இறங்கக்கூடாது. பிரேக்கின் பிடியை உருளை இயந்திரம் அளக்கிறது, எண் கணினிக்குப் போகிறது. ஆனால் அந்த எண்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. காரை வாங்கப்போகும் ஒருவரால் அதன் பழைய சோதனை முடிவுகளைக் குறைகளோடு எடுத்துப் படிக்க முடியாது.

நான் கேட்பது மூன்று. சொந்தக் கார்களுக்கு முதல் சோதனையை 15-ம் ஆண்டில் வைக்காமல் ஏழாம் ஆண்டுக்குக் கொண்டு வாருங்கள், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை போதும். வண்டி எண்ணைத் தட்டினால் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் ஒவ்வொரு சோதனையும், தோற்ற காரணமும், ஓடிய கிலோமீட்டரும் தெரியட்டும். மாடல்வாரியாகவும் சோதனை நிலையவாரியாகவும் தேர்ச்சிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இவற்றைச் செய்த பிறகு, தேறாத வண்டியை அதன் வயது எதுவானாலும் சாலையிலிருந்து இறக்குங்கள். அதற்கு முன்னால் பதினைந்து வயது என்ற ஒரே காரணத்துக்காக யாருடைய காரையும் உடைக்கச் சொல்ல ஒன்றிய போக்குவரத்து அமைச்சகத்துக்கு நியாயம் இல்லை.