கடிதச் சதுரங்கமும் மனசாட்சியும்

ஒரு காயை நகர்த்த மூன்று நாள் அவகாசம். வேலை, படிப்பு எல்லாம் முடித்து நிதானமாக யோசித்து ஆடலாம். அன்று தபால் அட்டையில் நடந்த ஆட்டம், இன்று இணையத்தில். சாதாரண ஆட்டக்காரர் முன்னேற இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. 1997-லேயே காஸ்பரோவைக் கணினி வென்றுவிட்டது. இன்று கைப்பேசியில் ஓடும் மென்பொருளே உலக சாம்பியனைவிடப் பலசாலி! சர்வதேசக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை அனுமதிக்கிறது. விளைவு, மேல்மட்டப் போட்டிகளில் பெரும்பாலும் டிராதான். செஸ்.காம், லிச்செஸ் தளங்களில் தொடக்க ஆட்டப் புத்தகங்களைப் புரட்டலாம்; மென்பொருளைக் கேட்கக் கூடாது.

அந்த மூன்று நாளும் பக்கத்தில் நின்று யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கேதான் சோதனை. மென்பொருள் சொன்னபடி ஆடினால் ரேட்டிங் ஏறும், ஆட்டம் ஏறாது. நேரில் பலகை முன் உட்கார்ந்தால் பத்தே நகர்த்தலில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சொந்த மூளையால் தோற்று, ஆட்டம் முடிந்த பிறகு அதே மென்பொருளிடம் "எங்கே தப்பு?" என்று கேட்பவர் அடுத்த போட்டியில் ஒரு படி மேலே நிற்பார். மெதுவான முன்னேற்றம்தான்... ஆனால் அது அவருடையது.