ஏழெட்டு கம்பெனி, ஒரே உழைப்பு

போன வருடம் எனக்கு 58 வயது முடிந்தது. பெங்களூர் பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் புதிதாக வரும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்தபோது அதில் என் வேலைக்காலம் பதிமூன்று வருடம் என்று போட்டிருந்தது. பதினாறு வயதில் வேலைக்குப் போனவள் நான். மீதி வருடங்கள் எங்கே போயின என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். எனக்கு மட்டும் நடந்ததாக இருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் ஸ்ரீராமபுரத்தில் ஒரு தெருவைப் பிடித்து நடந்தால் வீட்டுக்கு ஒருத்தி இதே கணக்கோடு இருப்பாள்.

பள்ளிக்கூடம் போகும்போதே அம்மாவோடு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டியிருக்கிறேன். கம்பெனிக்காரர் குச்சியும் கரிமாவும் எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையில் கருப்பு போகாது. அதை வேலை என்று வீட்டிலேயே யாரும் சொன்னதில்லை, சட்டம் எங்கே சொல்லப்போகிறது.

எஸ்எஸ்எல்சி முடித்ததும் பீன்யாவில் காயில் சுற்றும் வேலை. அந்தக் காலத்துப் பெங்களூரில் எச்எம்டி, ஐடிஐ, பிஇஎல், எச்ஏஎல் போன்ற பொதுத்துறைக் கம்பெனிகளில் வேலை என்றால் அரசாங்க உத்தியோகத்துக்குச் சமம். உள்ளே போனவர்களுக்கு குவார்ட்டர்ஸ், கேன்டீன், பஸ். வெளியே அந்தக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் செய்துகொடுத்த நூற்றுக்கணக்கான ஷெட்டுகளில் எங்களைப் போன்றவர்கள் இருந்தோம். டெலிபோனுக்குள் போகும் காயிலுக்கு முடியை விட மெல்லிய செம்புக் கம்பி. மூச்சை இழுத்து விட்டால்கூட அறுந்துவிடும்போல் இருக்கும். விரலால் இழுவை பிடிக்கவேண்டும். கொஞ்சம் இறுக்கினால் அறுந்துபோகும், தளர்த்தினால் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அந்த விரல் பழக்கம்தான் பிறகு எனக்குத் தையல் மெஷினில் சோறு போட்டது. 90களில் ஆர்டர் குறைந்து அந்த ஷெட்டுகள் ஒவ்வொன்றாக மூடின. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்த எச்எம்டியே 2016-ல் கடிகாரப் பிரிவை மூட முடிவானது என்றால், எங்கள் தகரக் கொட்டகைகள் எம்மாத்திரம்.

நடுவில் சித்தப்பாவின் எஸ்டிடி பூத்தில் சில வருடம் உட்கார்ந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிற்பாடு செல்போன் வந்தது, பூத்தும் போனது.

90களின் கடைசியில் கார்மெண்ட்ஸ். ஹெல்பராகச் சேர்ந்து நூல் வெட்டினேன். பிறகு டெய்லர், பிறகு லைன் சூப்பர்வைசர். சட்டைக்குக் காலர் ஏற்றுவது லைனிலேயே கஷ்டமான வேலை. காலரின் இரண்டு முனையையும் மடித்து ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் தெரியக்கூடாது. ஒரு பீஸுக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது, மணிக்கு மணி டார்கெட் எழுதிய பலகை எதிரே தொங்கும். அந்த வேலை தெரிந்த பெண்ணை எந்தக் கம்பெனியும் உடனே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மாறினோம். பத்து ரூபாய் கூடக் கிடைத்தால் மாறினோம், குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குக் கிட்டே இருக்கிறது என்று மாறினோம், சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினான் என்று மாறினோம். ஒரு இடத்தில் எனக்கு நாலாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தபோது யூனிட்டையே மூடிவிட்டு வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடங்களுக்கு கிராஜுவிட்டி கிடையாது. 1972-ம் வருடச் சட்டம் ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் தரச் சொன்னது.

பென்ஷன் விஷயம் இன்னும் சிக்கல். 1995-ல் வந்த ஊழியர் பென்ஷன் திட்டத்தில் பத்து வருடமாவது கணக்கில் இருக்கவேண்டும். கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தை வேலைக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். இருபது வருடம் முடித்திருந்தால் இரண்டு வருடம் சேர்த்துத் தருகிறார்கள். எல்லாக் கம்பெனி வேலையும் கூட்டினால் நானும் அந்த இருபதைத் தாண்டியவள்தான். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நம்பரான யூஏஎன் 2014-ல் வரும்வரை கம்பெனி மாறினால் பிஎஃப் நம்பரும் மாறும். பழையதைப் புதியதோடு சேர்ப்பது பெரிய அலைச்சல். பழைய முதலாளி எங்கே என்று தேடுவது? ஆகவே எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன்: வேலையை விட்டதும் பிஎஃபையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தேன். பெங்களூரில் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலம் அது. ஒரு முறை பிஎஃப் அதற்குப் போனது, ஒரு முறை என் வீட்டுக்காரரின் ஆபரேஷனுக்கு, ஒரு முறை மகளின் பியுசி ஃபீஸுக்கு. அந்தப் பணம் இல்லையென்றால் வட்டிக்காரனிடம் போயிருப்பேன்.

எடுத்திருக்கக்கூடாது என்று இப்போது அறிவுரை சொல்பவர்கள் 2016 ஏப்ரலை நினைத்துப் பார்க்கவேண்டும். முதலாளி கட்டும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கமுடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 18, 19 தேதிகளில் ஓசூர் ரோடு, துமகூரு ரோடு என்று பெங்களூரின் பெரிய சாலைகளில் கார்மெண்ட்ஸ் பெண்கள் இறங்கினார்கள். முதலில் எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை, கொடி இல்லை. ஷிஃப்டுக்கு உள்ளே போகாமல் கேட்டில் நின்றவர்கள் அப்படியே சாலைக்கு வந்தோம். தடியடி நடந்தது, சில இடங்களில் பஸ் எரிந்தது, அது நடந்திருக்கக்கூடாது. 19-ம் தேதியே விதியை வாபஸ் வாங்கினார்கள். ஆபத்துக்கு உதவ எங்களிடம் இருந்த ஒரே சேமிப்பு அது என்று நாட்டுக்கே அந்த இரண்டு நாளில் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்கள் ஏன் அதை எடுக்கவேண்டி வருகிறது என்ற கேள்வியை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. விதியைத் திரும்பப் பெற்றதோடு பேச்சு முடிந்தது.

சட்டம் நினைத்துப் பார்த்த தொழிலாளி, ஒரு கேட்டில் இருபது வயதில் நுழைந்து அதே கேட்டில் 58-ல் வெளியே வருகிற ஆண். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெங்களூரின் இன்றைய உழைப்பு அப்படி இல்லை. கார்மெண்ட்ஸ் பெண்ணும், செக்யூரிட்டியும், ஹவுஸ்கீப்பிங் பெண்ணும் வருடத்துக்கொரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறார்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், காலவரையறை வைத்து எடுக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. நல்லது. ஆனால் நிரந்தரம் என்று எடுத்து நாலு வருடத்தில் வீட்டுக்குப் போகிறவளுக்கு அதே ஐந்து வருடம்தான். இதில் என்ன நியாயம்?

கிராஜுவிட்டி என்பது வருடத்துக்கு 15 நாள் சம்பளம். மாதக் கணக்கில் பார்த்தால் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு. அதை மாதாமாதம் பிஎஃப் போலவே தொழிலாளியின் நம்பரில் கட்டச் சொல்லவேண்டும் என்பது என் கோரிக்கை. கம்பெனி மாறினாலும் பணம் அவளோடு வரும். இது நடக்காத காரியமில்லை. மகாராஷ்டிராவில் மூட்டை தூக்கும் மாதாடித் தொழிலாளர்களுக்கு 1969-லேயே சட்டம் போட்டு வாரியம் அமைத்தார்கள். எந்த வியாபாரியிடம் மூட்டை இறக்கினாலும் கூலியோடு ஒரு பங்கு வாரியத்துக்குப் போகிறது, பிஎஃபும் கிராஜுவிட்டியும் வாரியம் கொடுக்கிறது. இங்கே கர்நாடகமே 2025-ல் கிக் தொழிலாளர் சட்டம் போட்டு, சாப்பாடு கொண்டுவரும் பையன்களுக்காக ஆப் கம்பெனிகளிடமிருந்து நலநிதி வசூலிக்க வழி செய்திருக்கிறது. பைக் ஓட்டுகிறவருக்கு முடிந்தது மெஷின் மிதிக்கிறவளுக்கு ஏன் முடியாது?

இன்னொன்று, பழைய பென்ஷன் பணத்தை எடுத்தவர்கள் அதை வட்டியோடு திரும்பக் கட்டி, விட்டுப்போன வருடங்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு முறையாவது வாய்ப்புக் கொடுக்கவேண்டும். குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல் வைத்தது பத்து வருடம் தாண்டியும் அப்படியே நிற்பதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். எனக்கு வருவது இரண்டாயிரத்துச் சொச்சம். 2023 ஜூன் முதல் பெண்களுக்கு பஸ் இலவசம் என்பதால் அந்தச் செலவாவது மிச்சம்.

கடைசி வருடங்களில் நான் பயிற்சி கொடுத்தவர்களில் பாதிப்பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள். ஹாஸ்டலில் தங்கி, தீதி தீதி என்று பின்னாலேயே வருவார்கள். நான் காயிலிலிருந்து கார்மெண்ட்ஸுக்கு வந்தபோது கன்னடம் கற்றுக்கொண்டேன், இவர்களுக்காக அரைகுறை இந்தியும் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்போது பிஎஃப் எடுத்தாலும் பரவாயில்லை, பென்ஷன் பணத்தை எடுக்காமல், வேலைக்காலத்தைக் காப்பாற்றும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிக்கொள் என்று இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலுக்குப் போய்ச் சொல்லி, பத்து-சி படிவத்தை உட்கார்ந்து நிரப்பிக்கொடுக்கிறேன். போன வாரம் வந்த ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, இது மூன்றாவது கம்பெனி, முதல் கம்பெனியில் போட்ட பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. அதைத் திருத்த அவளோடு பிஎஃப் ஆபீசுக்குப் போகவேண்டும்.