ஆண்மைக்குச் சான்று கேட்கும் திரை

கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களைத் திரைப்படம் எவ்வாறு சித்திரித்தல் வேண்டும் என்ற விவாதம் அமெரிக்காவிலே நெடுங்காலமாக ஒரே வட்டத்துள் சுழன்று வருகின்றது. ஒருசாரார், அத்தகைய ஆண்களைத் திரையிற் காட்டுவதே கறுப்பின ஆணின் வீரத்தைக் குலைக்க வெள்ளையர் செய்யும் சூழ்ச்சி என்பர். மறுசாரார், அவர்களைக் காட்டலாம், ஆனால் ‘ஆண்மை’ உடையவர்களாகக் காட்டல் வேண்டும் என்பர். முன்னவர் பிற்போக்காளர் எனவும் பின்னவர் முற்போக்காளர் எனவும் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஊன்றி நோக்குமிடத்து, இருசாராரும் ஒரே வாயிலில் நின்று ஒரே சான்றிதழைக் கேட்கின்றனர் என்பது புலனாகும். ஒருவர் அச்சான்றிதழ் உனக்குக் கிடையாது என்று கதவை அடைக்கிறார். மற்றவர் அதைக் காட்டினால் உள்ளே வரலாம் என்கிறார். வாயிற்காவலை இருவருமே கைவிடவில்லை. ஆண்மை என்னும் அளவுகோலையே விசாரணைக்கு உட்படுத்தாத எந்தச் சித்திரிப்பும், எத்துணைக் கனிவுடையதாயினும், பழைய இழிவின் மறுபதிப்பே என்பது இங்கு வலியுறுத்தப்படுகின்றது.

இவ்வளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்றுப் பின்னணியில் நோக்குதல் அவசியம். அமெரிக்க அடிமை முறை கறுப்பின ஆணைக் கணவனாகவோ தந்தையாகவோ ஏற்கவில்லை. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இருக்கவில்லை. பிறந்த பிள்ளைகள் எசமானின் உடைமையாயினர். அடிமை முறை ஒழிந்த பின்னர் அதே இழிவைத் திரைப்படம் படச்சுருளில் ஏற்றியது. 1915 இல் டி. டபிள்யூ. கிறிபித் இயக்கிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ கறுப்பின ஆணை வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் விலங்காகக் காட்டி, அவனைக் கொல்லும் கூ கிளக்ஸ் கிளான் கும்பலை மீட்பர்களாகப் போற்றியது. அப்பாத்திரத்தை ஏற்றவர் முகத்திற் கருமை பூசிய வெள்ளை நடிகர் என்பது மனங்கொளத்தக்கது. மறுமுனையில், 1930களில் லிங்கன் பெரி என்னும் கறுப்பின நடிகர் ‘ஸ்ரெப்பின் பெற்சிற்’ என்ற பெயரில் நடித்துப் புகழ்பெற்ற சோம்பேறி வேலையாள் இருந்தான். ஒன்று அஞ்சத்தக்க மிருகம். மற்றது நகைக்கத்தக்க ஏவலாள். இரண்டிலும் மனிதனுக்கு இடமிருக்கவில்லை.

இவ்விரு பொம்மைகளுக்கும் மறுமொழியாக 1970களின் தொடக்கத்தில் ஒரு புதிய நாயகன் தோன்றினான். மெல்வின் வான் பீபிள்ஸின் ‘ஸ்வீற் ஸ்வீற்பக்’, கோர்டன் பார்க்ஸின் ‘ஷாப்ற்’ ஆகிய இரண்டும் 1971 இல் வெளிவந்தன. வெள்ளைப் பொலிசுக்கு அஞ்சாதவன், பெண்களை எளிதில் வசப்படுத்துபவன், கண்ணீர் சிந்தாதவன் என அந்நாயகன் வார்க்கப்பட்டான். அவனுக்கு வரலாற்று நியாயம் ஒன்று உண்டென்பதை மறுத்தல் தகாது. தலைமுறை தலைமுறையாகத் திரையிற் குனிந்து நின்றவன் நிமிர்ந்தபோது படமாளிகையிலிருந்த மக்கள் ஆரவாரித்ததில் வியப்பில்லை. ஆயினும் அவன் எசமானின் அளவுகோலை முறிக்கவில்லை. அதே அளவுகோலில் தன் உயரத்தைக் காட்டினான். அவ்வளவே. உயரம் காட்டுபவனுக்குப் பக்கத்திற் குள்ளன் ஒருவன் தேவை. அந்தக் குள்ளனின் இடத்திலேயே கறுப்பினத் தன்பாலீர்ப்பாளன் நிறுத்தப்பட்டான்.

அரசியலிலும் இதுவே நிகழ்ந்தது. 1968 இல் வெளிவந்த ‘சோல் ஒன் ஐஸ்’ என்ற நூலில் எல்ட்றிஜ் கிளீவர், எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வினை அவரது தன்பாலீர்ப்பைச் சுட்டியே தாக்கினார். அதற்கும் முன்னர், 1960 இல், கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினரான அடம் கிளேற்றன் பவல், மார்ட்டின் லூதர் கிங்கையும் பயார்ட் ரஸ்ரினையும் இணைத்துப் பொய்வதந்தி பரப்பப்போவதாக மிரட்டினார். ரஸ்ரின் கிங்கின் அமைப்பிலிருந்து விலக நேர்ந்தது. வெள்ளையர் ஒருவரும் அங்கு கைவைக்கவில்லை. இயக்கமே தன் தலைசிறந்த அமைப்பாளரை நற்பெயருக்காகப் பலியிட்டது. அதே ரஸ்ரினே 1963 ஓகஸ்ற் 28 இல் நடந்த வாஷிங்ரன் பேரணியை ஒழுங்கமைத்தவர். ‘ஆண்மை’யைக் காக்கும் அரசியல் யாருக்கு நட்டத்தை விளைத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கறுப்பின விடுதலை இயக்கம் முழுவதும் அவ்வாறே சிந்தித்தது என்று கூறுவதும் அநீதியாகும். கிளீவர் சார்ந்திருந்த கருஞ்சிறுத்தைகள் கட்சியின் தலைவரான ஹியூ நியூற்றன், 1970 ஓகஸ்ற்றில், பெண்விடுதலை இயக்கத்தையும் தன்பாலீர்ப்பாளர் விடுதலை இயக்கத்தையும் தோழமைச் சக்திகளாக ஏற்குமாறு தம் கட்சியினரை வேண்டினார். அவர்களது வெறுப்பின் அடியில் அவர்களது சொந்த அச்சமே உள்ளதெனவும் சுட்டினார். ஆகவே, தன்பாலீர்ப்பாளரை ஏற்பது கறுப்பின அரசியலுக்குப் புறம்பான இறக்குமதி என்ற வாதம் வரலாற்றை அறியாதார் வாதமாகும்.

வணிகத் திரைப்படத்தினுள்ளும் ஒரு பொறி தெறித்தது. 1976 இல் மைக்கல் ஷூல்ற்ஸ் இயக்கிய ‘கார் வொஷ்’ என்னும் நகைச்சுவைப் படத்திலே, பெண்ணுடை அணியும் லிண்டி என்ற பாத்திரத்தை அன்ரோனியோ பார்காஸ் ஏற்றார். தன்னை இகழும் தீவிரத் தேசியவாத இளைஞனை நோக்கி, உன்னால் ஒருபோதும் ஆகமுடியாத ஆணும் நானே, உனக்கு ஒருபோதும் கிட்டாத பெண்ணும் நானே என்னும் பொருள்பட லிண்டி விடையிறுக்கும் கட்டம் இன்றும் நினைக்கப்படுகின்றது. லிண்டி சிறு பாத்திரம். சிரிப்புக்காகவே படைக்கப்பட்ட பாத்திரம். எனினும் அக்கணத்திலே சிரிப்பின் திசை மாறுகின்றது. பெண்மைச் சாயல் என்பது தன்னளவில் இழிவன்று, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதிலேயே இழிவு தங்கியிருக்கிறது என்ற உண்மையை அக்கேளிக்கைப் படம் தற்செயலாகவேனும் கண்டுகொண்டது.

இவ்வுண்மையைத் தற்செயலாக அன்றி, திட்டமாகவும் துணிவாகவும் முன்வைத்தவர் மார்லன் றிக்ஸ். 1989 இல் அவர் ஆக்கிய ‘ரங்ஸ் அன்ரைட்’, அதாவது ‘கட்டவிழ்ந்த நாவுகள்’, ஒரு மணிநேரத்துக்கும் குறைந்த ஆவணப்படம். கவிதை, ஆடல், வாக்குமூலம், இறந்தோரின் படங்கள் என யாவும் அதிற் கலந்து வருகின்றன. தன்பாலீர்ப்பாளரை நையாண்டி செய்த எடி மேர்பியின் மேடைப் பேச்சும், ஸ்பைக் லீயின் ‘ஸ்கூல் டேஸ்’ படக் காட்சியும் அப்படத்துள்ளேயே சான்றுப் பொருள்களாக வைக்கப்படுகின்றன. வெள்ளைத் தன்பாலீர்ப்பாளர் சமூகத்தின் நிறவெறியும் தப்பவில்லை. இரு வீடுகளிலும் இடமற்றவனின் குரல் அது. அக்குரலுக்கு அவசரம் இருந்தது. எயிட்ஸ் நோய் உயிர்களைக் கொள்ளைகொண்டிருந்த காலம் அது. மௌனம் ஆண்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட இடத்தில், அம்மௌனமே மரணத்தின் வழியுமாயிற்று. கவிஞர் எசெக்ஸ் ஹெம்பிலின் குரல் இப்படத்திலும், இங்கிலாந்தில் அதே ஆண்டு ஐசக் ஜூலியன் இயக்கிய ‘லுக்கிங் போர் லாங்ஸ்ரன்’ படத்திலும் ஒலிக்கிறது. றிக்ஸ் 1994 இலும் ஹெம்பில் 1995 இலும் அந்நோயினாலேயே மறைந்தனர்.

‘வெள்ளையர் சூழ்ச்சி’ என்ற வாதம் இங்கேயே உடைந்து வீழ்கின்றது. 1991 இல் பொதுத் தொலைக்காட்சி இப்படத்தை ஒளிபரப்ப முன்வந்தபோது பல நிலையங்கள் மறுத்துவிட்டன. 1992 இல் ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்ட பற் புக்கானன், அரச கலைநிதியை ஜோர்ஜ் புஷ் இத்தகைய படங்களுக்கு வீணாக்குகிறார் எனத் தாக்கும் விளம்பரத்தில் இப்படத்தின் துண்டுகளைப் பயன்படுத்தினார். அந்நிதி வழியாக றிக்ஸ் பெற்றது 5,000 டொலர் மாத்திரமே. இது வெள்ளை ஆதிக்கத்தின் சூழ்ச்சியாயின், வெள்ளை வலதுசாரிகள் ஏன் அதன் குரல்வளையை நெரிக்க முனைந்தனர்? கறுப்பினப் பழைமைவாதியும் வெள்ளை வலதுசாரியும் இவ்விடயத்தில் கைகோத்து நின்றனர் என்பதே உண்மை. தந்தையதிகாரத்துக்கு நிறம் தடையாக இருக்கவில்லை.

இனி, மறுசாராரின் வாதத்துக்கு வருவோர் 2016 இல் பரி ஜென்கின்ஸ் இயக்கிய ‘மூன்லைற்’ படத்தையே பெரிதும் மேற்கோள் காட்டுவர். ராரெல் அல்வின் மக்கிறேனியின் நாடகத்தைத் தழுவிய இப்படம் 2017 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. தன்பாலீர்ப்பைப் பொருளாகக் கொண்ட படமொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. மியாமி நகரின் லிபேட்டி சிற்றியில் வளரும் சைரன் என்பவனைச் சிறுவனாக, இளைஞனாக, வளர்ந்தவனாக மூன்று பகுதிகளிற் படம் காட்டுகிறது. மூன்றாம் பகுதியில் அவன் திரண்ட தோள்களும் பல்லின்மேற் பொற்கவசமும் கொண்ட போதைப்பொருள் வணிகன். இதோ, தன்பாலீர்ப்பாளனும் முழு ஆணாக இருக்கலாம் என்று படம் காட்டிவிட்டது எனச் சிலர் மகிழ்ந்தனர்.

படத்தைக் கண்கொண்டு பார்த்தவர் கூறும் கூற்றன்று இது. அத்தோள்கள் எவ்வாறு திரண்டன என்பதை இரண்டாம் பகுதி ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. சைரனை முதன்முதல் நேசத்தோடு தொட்ட கெவின் என்ற மாணவனே, சண்டியன் ஒருவனின் கட்டளைக்கு அஞ்சி, எல்லோர் முன்னிலையிலும் அவனை அடிக்கிறான். மறுநாள் சைரன் அச்சண்டியனைக் கதிரையால் தாக்கிச் சிறைசெல்கிறான். அங்கிருந்து மீண்டவன் அணிந்த உடலே அந்தத் திரண்ட உடல். அது ஆண்மையின் மலர்ச்சியன்று. அடிபட்ட பிள்ளை கட்டிய மதில். அம்மதிலினுள்ளே, கெவினுக்குப் பின்னர் எவரும் தன்னைத் தொட்டதில்லை என்று சொல்லும் ஒருவன் அடைபட்டிருக்கிறான். படத்தின் முடிவில் அவன் கெவினின் தோளிற் சாய்கிறான். மதில் இறங்கும் அக்கணத்துக்காகவே முழுப்படமும் காத்திருக்கிறது. மதிலைப் பார்த்து மெச்சுவோர் சிறையைக் கோட்டை எனக் கொண்டாடுவோரே.

அப்படத்தின் முதற்பகுதியிலே ஒரு காட்சி. தமிழிற் ‘பேடி’ என்னும் வசை எத்தொழிலைச் செய்கிறதோ அத்தொழிலைச் செய்யும் ஆங்கிலச் சொல்லொன்றின் பொருளைச் சிறுவன் கேட்கிறான். தன்பாலீர்ப்பாளரை நோகச் செய்வதற்கான சொல் அது என்று ஹுவான் பொறுமையோடு விளக்குகிறான். தன்பாலீர்ப்பாளனாக இருக்கலாம், ஆனால் அச்சொல்லால் அழைக்க எவரையும் விடவேண்டியதில்லை என்கிறான். நீ ஆணாக மாறு என்று அவன் கூறவில்லை. படம் விடுத்த செய்தி இதுவே; பாராட்டியோர் பலர் செவிமடுக்காததும் இதுவே.

இழிவுபடுத்தப்பட்ட சமூகம் நல்ல பிம்பங்களைக் கேட்பது தவறா என்ற வினா எழலாம். வினா நேர்மையானது. 1990 இல் தொடங்கிய ‘இன் லிவிங் கலர்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், திரைப்பட விமர்சகர் இருவர் பெண்மை நளினத்தோடு வந்து கேலிப்பொருளானதை றிக்ஸே கண்டித்தார். ஆனால் கோமாளிக்கு மாற்று மல்லன் என்ற முடிவு அக்கண்டனத்திலிருந்து பிறக்கவில்லை. கோமாளியாக்கப்பட்டவனுக்குக் குரல் கொடுப்பதே மாற்று. நல்ல பிம்பம் என்ற பெயரில் மிடுக்கானவனை மட்டும் முன்னிறுத்தினால், தெருவிலும் பாடசாலையிலும் முதலில் அடிவாங்கும் நளினமான சிறுவன் இரண்டாம் முறையும் கைவிடப்படுகிறான். முதலில் அவனைப் பகைவர் கைவிட்டனர். இப்போது நண்பர் கைவிடுகின்றனர்.

இப்பிரச்சினை அமெரிக்காவுக்கு மாத்திரம் உரியதன்று என்பதைத் தென்னாபிரிக்கா காட்டியது. 2017 இல் ஜோன் ட்ரென்கோவ் இயக்கிய ‘இன்க்ஸேபா’, அதாவது ‘காயம்’, கோசா இன இளைஞர் ஆண்மை எய்தும் விருத்தசேதனச் சடங்கின் நடுவே இரு ஆண்களின் மறைந்த உறவைக் காட்டியது. இயக்குநர் வெள்ளையர் என்பதும், சடங்கின் இரகசியம் வெளியாகிறது என்பதும் கண்டனத்துக்கு உள்ளாயின. அக்கண்டனம் செவிகொடுக்கத்தக்கதே. எனினும் திரைக்கதையில் பங்குகொண்ட தாண்டோ எம்கொலோசானா அதே இனத்தவர். 2009 இலேயே அச்சடங்கு பற்றி நாவல் எழுதியவர். 2018 இல் மேன்முறையீட்டுக் குழு இப்படத்தை ஆபாசப் படங்களின் வகுப்பில் ஒதுக்கியது. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிவைத்தது. படத்தின் இறுதியில், மறைத்த உண்மையை வெளியிட்டுவிடுவான் என்ற அச்சத்தாற் கதாநாயகன் ஓர் இளைஞனைக் கொல்கிறான். மரபின் பெயரால் வெகுண்டோர் அச்சடங்கின் இரகசியத்துக்காக வருந்தினர். அந்தச் சடலத்துக்காக வருந்தியோர் எத்தனைபேர்?

2023 இல் வெளிவந்த ‘ரஸ்ரின்’ படத்திலே, தாமும் தன்பாலீர்ப்பாளர் எனப் பகிரங்கமாகக் கூறிய கொல்மன் டொமிங்கோ, வாஷிங்ரன் பேரணியின் அமைப்பாளராக நடித்தார்; சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரையையும் பெற்றார். அங்கே பேசுகின்ற, வாதாடுகின்ற, பிறரைத் திரட்டுகின்ற மனிதன் ஒருவன் திரைக்கு வந்தான். இயக்கம் வெளியேற்றியவனைத் திரை மீட்டுக்கொள்ள அறுபது ஆண்டுகள் சென்றன.

கறுப்பின ஆணின் மனிதத்தன்மையை மறுக்க அடிமை முறை பயன்படுத்திய கருவிகளுள் ஆண்மை என்னும் அளவுகோலும் ஒன்று. எசமான் அதனை விட்டுச் சென்றான். அவனால் அளக்கப்பட்டவர்கள் அதனை எடுத்துத் தம் சகோதரரை அளக்கத் தொடங்கினர். நல்ல திரைப்படம் அவ்வளவுகோலில் எவனுக்கும் சலுகை மதிப்பெண் வழங்காது. அளப்பவன் யார், எந்த உரிமையோடு அளக்கிறான் என்று அது கேட்கும். றிக்ஸ் அதைக் கேட்டார். அவ்வினாவைத் தவிர்த்துவிட்டு மல்லனின் தோள்களை மெச்சும் விமர்சனம் எத்தனை விருதுகளைச் சுட்டிக்காட்டினாலும், அது நிற்பது பழைய வாயிற்காவலனின் பக்கத்திலேயே.