பளிச்சென்ற பல், சுரீரென்ற கூச்சம்

வானொலி அறிவிப்பாளருக்கு அழகான பல் எதற்கு என்று முன்பு கேலி செய்வார்கள். குரல் இருந்தால் போதும் என்ற காலம் அது. இப்போது கலையகத்தில் மைக்குக்குப் பக்கத்திலேயே கேமரா. நான் ஒரு நாளைக்கு எத்தனை தே தாரேக் குடிக்கிறேன் என்பது சிரித்தால் முகநூல் நேரலையில் தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு பல் மருத்துவரிடம் போய்ப் பல்லை வெண்மையாக்கிக்கொண்டேன். மறுநாள் காலை நிகழ்ச்சி. நேரலையில் பேசுகிறவர்கள் வாய் வழியாகத்தான் அவசரமாக மூச்சை இழுப்போம். கலையகமோ ஏர்கோனில் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்தேன். முன்பல் இரண்டிலும் சுரீர்! ஒரு நொடிதான், அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி மூச்சு, மறுபடி சுரீர். பாட்டு ஓடும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அடங்கியது. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் எனாமல் கரைந்துபோச்சு என்றே பயந்திருப்பேன்.

அப்படிப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் நடப்பது வேறு. கிளினிக்கில் ஸ்கேலிங் செய்து கறையைச் சுரண்டுவது பல்லின் மேலே நடக்கும் வேலை. வெண்மையாக்குவது உள்ளே நடப்பது. ஜெல்லில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடின் மூலக்கூறு மிகச் சிறியது. அது எனாமலைக் கடந்து, அடியில் இருக்கும் டென்டினுக்குள் போய், நிறம் தரும் பொருள்களை உடைக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சில நிமிடங்களிலேயே பல்லின் நடுவில் நரம்பு இருக்கும் இடம் வரை போய்விடுகிறது. நரம்பு எரிச்சலடைகிறது. டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். குளிர்ந்த காற்று பட்டதும் அந்தத் திரவம் அசைகிறது. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பு துள்ளுகிறது.

ஆக, வெண்மையைத் தருவதும் கூச்சத்தைத் தருவதும் ஒரே பொருள்தான். “கூச்சமே வராது” என்று உறுதி கூறும் விளம்பரத்தை இப்போதெல்லாம் நான் இரண்டு தடவை படிக்கிறேன்.

கூச்சத்தைக் குறைக்க வழி உண்டு. கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்யும் ஜெல்லில் பெராக்சைடு 25 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். மருத்துவர் நம் பல்லுக்கு அளவெடுத்துச் செய்துதரும் தட்டில் ஊற்றி இரவில் அணியும் முறையில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடுதான்; அதாவது ஏறக்குறைய 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதி வெளியிட்ட முறை இது. இரண்டு வாரம் பொறுமை வேண்டும். கடைசியில் கிடைக்கும் வெண்மையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். நீல விளக்கு பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. கிளினிக்கிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடியில் தெரியும் பளபளப்பில் ஒரு பங்கு, பல் உலர்ந்துபோனதால் வந்தது. சில நாளில் கொஞ்சம் இறங்கும்.

“அக்கா, சனிக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமை செய்யலாமா?” என்று நேயர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் தங்கச்சி. மணவறையில் உட்கார்ந்து வாயைத் திறக்கப் பயந்தால் அந்த வெண்மையை யார் பார்ப்பது? ஒரு மாதத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதற்கும் இரண்டு வாரம் முன்னதாக, 5 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையால் துலக்கத் தொடங்குங்கள். அது நரம்பைச் சற்று அமைதிப்படுத்தும். முடிந்த பிறகு இரண்டு நாளைக்கு மஞ்சள் போட்ட குழம்பு, கோப்பி, தே ஓ கிடையாது. ஐஸ் கச்சாங்கும் எலுமிச்சைச் சாறும் கூச்சம் அடங்கும்வரை கிடையாது. (எனக்குக் குழம்பில்லாத சோறுதான் கூச்சத்தைவிடப் பெரிய தண்டனை.)

சொத்தை, விரிசல், ஈறு இறங்கிய பல் இருந்தால் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். பெராக்சைடு அந்த வழியாக இன்னும் வேகமாக உள்ளே போகும். பல்லுக்குப் போட்ட உறையும் அடைத்த இடமும் நிறம் மாறாது. அதனால் சுற்றியுள்ள பற்கள் வெளுத்து, அது மட்டும் மஞ்சளாக நிற்கும். சாதாரணக் கூச்சம் பல பற்களில் மின்னலாக வந்து போகும். சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் மறையும். ஒரே பல்லில் நிலைத்து நின்று இரவில் எழுப்பிவிடும் வலி வேறு கதை. உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

அழகு நிலையத்திலும் ஹோட்டல் அறையிலும் மலிவாகச் செய்துதருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அந்த ஜெல்லின் அளவு யாருக்கும் தெரியாது. ஈறு வெந்து வெளுத்தால் கேட்க ஆளும் இருக்காது. நம் நாட்டில் 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்பவருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.